ஆள் இல்லாத அருவி

சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியதும் எனக்குக் கிடைத்த வேலை, இறந்தவர்களை வரைவது. குடும்பத்தார் ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பாதி முகம் மட்டும் தெரிகிற போட்டோ. மீதி முகத்தை நான் ஊகித்து வரைய வேண்டும். தூரத்துச் சிவகிரியிலிருந்துகூடத் தேடி வந்தார்கள். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. "மீசையெல்லாம் அச்சு அசலா வரைஞ்சிருக்கா" என்று எல்லோரிடமும் சொல்வார்.

குத்துக்கல்வலசையில் எங்கள் பக்கத்து மனையில் ஓர் அக்கா புது வீடு கட்டிக் குடிவந்தார். அவர் கணவருக்குச் சவூதியில் வேலை.

"ஹால் சுவருக்கு ஒரு படம் வேணும்" என்றார் என்னிடம். "ஆனா உருவம் இருக்கக் கூடாது, கேட்டியா? அங்கனதான் தொழுவோம். ஆளு, ஆடு, குருவி ஒண்ணும் வேண்டாம்."

"அருவி வரையட்டுமாக்கா?"

"வரை. ஆனா குளிக்கிற ஆளு ஒருத்தரும் வரப்படாது."

சீசனில் ஆள் இல்லாத குற்றாலத்தை எங்கே போய்ப் பார்ப்பது? மலையில் பெருமழை பெய்து, மெயினருவியில் குளிக்கத் தடை போட்டிருந்த ஒரு காலையில் அப்பா என்னை பைக்கில் கூட்டிப்போனார். தூரத்திலேயே கயிறு கட்டியிருந்தார்கள். டூட்டியில் இருந்த போலீஸ்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர். இருந்தாலும் கயிற்றைத் தாண்ட விடவில்லை. அதுதான் சரி என்றார் அப்பா.

வெள்ளை வெளேரென்று வரையும் நினைப்பில் போயிருந்தேன். விழுந்ததோ செம்மண் தண்ணீர். பாறையே தெரியவில்லை. சாரலில் காகிதம் நனைந்து பென்சில் பிடிக்கவில்லை. பையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். பயமாக இருந்தது. ஆனால் கிளம்ப மனசில்லை.

வீட்டுக்கு வந்து பாறையோடும் மரங்களோடும் வரைந்தேன். காலண்டர் படம் மாதிரி இருந்தது. பாறையை எடுத்தேன். பிறகு மரங்களை. எதை எடுத்தாலும் அன்று பார்த்ததற்குப் படம் இன்னும் கிட்டே வந்தது. கடைசியில் பழுப்பும் சாம்பலும், ஓரத்தில் கொஞ்சம் கரும்பச்சையும்தான் மிஞ்சின. அரூப ஓவியம் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். என் கையிலிருந்து ஒன்றுகூட அதுவரை வந்ததில்லை.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏட்டி, அருவி எங்க இருக்கு?"

"முழுசும் அருவிதான்க்கா."

வீடியோ காலில் கணவருக்குக் காட்டினார். "என்னது, பெயிண்டு கொட்டிப்போச்சா? திருப்பிக் குடு" என்றார் அவர். எனக்கு முகம் சுண்டிப்போனது. வேறு படம் வரைந்து தருவதாகச் சொன்னேன்.

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீங்க அங்கன இருக்கீக. தெனமும் பாக்கப் போறது நான். இதைப் பாத்தா எனக்குத் தண்ணி எரைச்சல் கேக்குது. இது இங்கனயே இருக்கட்டும்."

அதற்கப்புறம் எனக்காக வரைந்த எதிலும் உருவம் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு முகங்களையும் வரைந்துகொண்டிருந்தேன். அப்பாதான் குறைபட்டுக்கொண்டார். "நல்லா வரைஞ்சிட்டிருந்த புள்ள" என்பார், எதிரில் நான் இல்லாதது போல.

கூடப் படித்த தோழி எர்ணாகுளத்தில் ஒரு கண்காட்சிக்கு என்னையும் சேர்த்துக்கொண்டாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்பாவும் என்னோடு வந்தார். ஒரு மலையாள அம்மாள் என் படத்தைக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் நின்ற அப்பாவிடம் கேட்டார். நான் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் ஒண்ணும் புரியல. ஆனா எம்மக இந்த மாதிரிப் படத்துக்காக அருவிச் சாரல்ல நனைஞ்சு நின்னதை நான் பாத்திருக்கேன். சும்மா வரையல. கொஞ்ச நேரம் நின்னு பாருங்க."

அந்த அம்மாளுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ, தலையாட்டிவிட்டு நின்று பார்த்தார். சாயங்காலம் வரை அப்பா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. யார் வந்து கேட்டாலும் அதையே சொன்னார்.