எஸ்தர் சிஸ்டரின் முட்டுவலி

எஸ்தர் சிஸ்டர் இறந்துவிட்டார் என்று ஆட்டோக்கார அண்ணாச்சிதான் சொன்னார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். "நம்ம நர்ஸம்மா போயிட்டாவ தாயி. நெஞ்சுவலியாம்." அவரைத் தெரிந்த மற்றவர்களுக்கெல்லாம் அழுகை வந்திருக்கும். எனக்கு முதலில் வந்தது வேறு நினைப்பு: எங்கள் வீட்டு விஷயத்தை யாரிடமாவது சொல்லியிருப்பாரோ?

விஷயம் இதுதான். நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா எட்டு மாதக் கர்ப்பிணி. எனக்குத் தெரிந்த அன்றைக்கு, "இனி என் ஸ்கூல் பக்கம் வந்துராத" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அம்மா தையல் மெஷினை விட்டு எங்கும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கும்.

அதனால் சிஸ்டரே வீட்டுக்கு வந்தார். வண்டியை ரேஷன் கடையில் நிறுத்திவிட்டு, அளவு கொடுக்க வருகிறவர் போலக் கையில் ஒரு பச்சை ரவிக்கைத் துணியோடு வருவார். உள்ளே வந்ததும் அம்மாவைப் படுக்கவைத்து, டேப்பால் வயிற்றை அளப்பார். எப்போதும் அதே துணிதான். "ஒரு ரவிக்கைக்கு எத்தன தடவ அளவு குடுப்பிய?" என்று எதிர்வீட்டு ஆச்சி கேட்டதற்கு, "நான் பெருத்துட்டே போறேன்லா ஆச்சி" என்றார்.

அம்மாவை ஏன் வெளியே காணோம் என்று அந்த ஆச்சி என்னிடம் கேட்டபோது, கேஸ் ட்ரபிள் என்றேன். அது சிஸ்டர் காதில் விழுந்துவிட்டது. என் கையை இழுத்து அம்மாவின் வயிற்றில் வைத்தார். "பாத்தியாட்டி, ஒன் கேஸ் ட்ரபிளு எப்படி ஒதைக்குதுன்னு!" அம்மா சிரித்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் அளந்தபோது சிஸ்டர் சிரிக்கவில்லை. "வயிறு போன தடவ நின்ன எடத்துலயே நிக்குது. ஸ்கேன் எடுத்தே ஆகணும்." நன்றாகச் சாப்பிட்டால் போதாதா என்றாள் அம்மா. "சாப்பாடு மட்டும் போதாதும்மா. கொடி வழியா பிள்ளைக்கு ரத்தம் ஒழுங்கா போகுதான்னு பாக்கணும்."

மூன்று பேரும் தென்காசிக்குப் புறப்பட்டோம். குற்றாலத்தில் சீசன். குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களின் ஈரத்துணியால் பஸ்ஸே நனைந்திருந்தது. அம்மா கம்பியைப் பிடித்து நின்றாள். பின்னால் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர். இடம் கேட்க வாயைத் திறந்த சிஸ்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "ஏலே தம்பி, எனக்கு முட்டுவலி, கொஞ்சம் எந்திரி" என்றார். கிடைத்த இடத்தில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, தென்காசி வரை நின்றே வந்தார்.

குழந்தை எடை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு என்றார் டாக்டர். இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் குறைந்தால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். திரும்பும்போது சிஸ்டர் என்னிடம் சொன்னார்: "அசைவு கொறஞ்சா விடியட்டும்னு இருக்காத. ஒடனே கூட்டிட்டுப் போயிரு."

நாளைக்குத்தான் அடுத்த ஸ்கேன். "சிஸ்டரும் இல்ல. பெறவு பாத்துக்கிடலாம்" என்கிறாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். அவள் தூங்கிய பிறகு இதை ஒளித்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. சற்று முன் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். அன்றைக்குப் போலவே உதைத்தது. இந்த முறை கையை எடுக்கவில்லை.

பச்சைத் துணி இன்னும் மெஷின் மேல் கிடக்கிறது. நான் சிஸ்டரிடமிருந்து எடுத்துக்கொள்வது பஸ்ஸில் இடம் கேட்கும் வேலையை. நாளைக்குத் தென்காசி பஸ்ஸில் முட்டுவலி என்று சொல்ல மாட்டேன். "எங்கம்மா மாசமா இருக்காவ, எந்திரிங்க" என்று கேட்பேன், பின்னால் யார் நின்றாலும்.