பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சாட்சிகள்

என் அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் 'ரெண்டு சாட்சி'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பட்டாளத்திலிருந்து ஒரு கால் சரியாக விளங்காமல் திரும்பி வந்தவருக்கு நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். கால் இழுக்கிறவனுக்கு நாள் முழுக்க நடக்கிற வேலையைக் கொடுத்த அந்த அறிவாளி யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்பா அதற்காக முகம் சுளித்ததில்லை. மீட்டர் எல்லா வீட்டிலும் இருந்தது. அதைக் குனிந்து பார்க்கிற சாக்கில் எல்லா வீட்டுக் கதையும் அவர் காதில் விழுந்தது.

அந்தக் கதைகளை அவர் எழுதினார். பழைய பாலம் ஏன் இடிந்தது, மணிக்கூண்டு கட்டும்போது விழுந்து செத்த கொத்தனார் யார், வெள்ளம் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தது என்று ஊரின் சரித்திரத்தை வாழ்நாள் முழுக்க எழுதினார். "ராஜாவைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்கான். கொத்தனாரைப் பத்தி எழுத நான் ஒருத்தன்தான்" என்பார்.

எழுதுவதற்கு ஒரு விதி வைத்திருந்தார். ஒருவர் சொன்னால் எழுத மாட்டார். இரண்டு பேர் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்கக் கூடாது. "ஒட்டி உறவாடுறவங்க சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லுவாங்க. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறவங்க ஒரே விஷயத்தைச் சொன்னா, அது பொய்யா இருக்க வழியே இல்ல."

ஊரில் யாருக்கு யாரோடு ஆகாது என்பது மீட்டர்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? கூடத்துக்கு நடுவே சுவர் எழுப்பி வீட்டைப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருந்தார்கள். தெருவின் பழைய கிணறு எங்கே இருந்தது என்று அண்ணனிடம் கேட்டுவிட்டு, வெளியே வந்து, அடுத்த வாசல் வழியாகப் போய்த் தம்பியிடம் கேட்டார். இருவரும் ஒரே சுவரைக் காட்டினார்கள், ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து. அப்பா எழுதி, கீழே வழக்கம்போல முடித்தார்: 'சாட்சிகள்: அண்ணன், தம்பி. பேச்சுவார்த்தை இல்லை.' அவர் எழுதிய ஒவ்வொரு செய்தியும் இப்படித்தான் முடியும். ஊரில் எந்தச் சண்டை சமாதானமானாலும் வருத்தப்பட்ட ஒரே மனிதர் என் அப்பா.

இந்த விதி அவருக்கு வந்தது போர்முனையில். என் தாய்மாமாவும் அவரும் ஒரே படைப்பிரிவில் இருந்தார்கள். சண்டை எங்கள் ஊரிலிருந்து லாரியில் அரை நாள் தொலைவுக்கு வந்திருந்த சமயம். தாத்தா சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்ட மாமா, யாரிடமும் சொல்லாமல் முகாமை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தாத்தாவின் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போக மனம் வரவில்லை. சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மாவுக்கு அப்போது கல்யாணமாகவில்லை. "எந்திரிண்ணா. பிடிச்சா சுட்டுடுவாங்க. இருட்டறதுக்குள்ள போயிடு" என்று கையைப் பிடித்து இழுத்து, தான் பின்னிய பச்சை மப்ளரை அவர் கழுத்தில் சுற்றி, வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கொஞ்ச நேரம் நின்றது அவளுக்குத் தெரியும். பிறகு காலடிச் சத்தம் தூரமாகப் போனது.

பொழுது விடிகிற நேரத்தில் மாமா பதுங்குகுழிக்குள் அப்பாவின் பக்கத்தில் வந்து குதித்தார். "வந்துட்டேன்டா" என்றார். ஒரு சிகரெட்டை இருவரும் மாற்றி மாற்றி இழுத்தார்கள். அது தீர்வதற்குள் குண்டு விழுந்தது. மாமா இருந்த இடத்தில் புதைக்கக்கூட எதுவும் மிஞ்சவில்லை. காலில் இரும்பு புகுந்த அப்பா ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, மாமாவை 'ஓடிப்போனவன்' என்று அதிகாரி எழுதி முடித்திருந்தார். மிச்சமிருந்த ஆட்கள் எல்லோரும் அதற்கு ஒன்றுபோலத் தலையாட்டியிருந்தார்கள். ஒற்றுமையாக இருப்பவர்களின் சாட்சியை அப்பா அன்றோடு கைகழுவிவிட்டார்.

ஊன்றுகோலோடு ஊருக்கு வந்தவர் முதலில் தட்டியது அம்மாவின் வீட்டுக் கதவை.

"உங்க அண்ணன் ஓடிப்போகலீங்க. திரும்பி வந்தான். கழுத்துல பச்சை மப்ளர் சுத்தியிருந்தான்."

அம்மா கதவைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மப்ளர் விஷயம் அந்த வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அன்றைக்கு இருவரும் முன்பின் தெரியாதவர்கள். அப்படியே போய் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அப்பாவின் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. அடுத்த வருஷம் கல்யாணம். ஊர் அம்மாவை 'ஓடிப்போனவன் தங்கச்சி' என்றது; கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே சொன்னது.

நான் பள்ளிக்கூடம் முடிக்கும் சமயத்தில், போரில் செத்தவர்களுக்குப் பூங்கா வாசலில் கல் வைக்க முடிவு செய்தார்கள். ஜவுளிக்கடை முதலாளி குழுவுக்குத் தலைவர். அவருடைய ஒரே மகன் அந்தப் போரில் செத்தவன். பெயர்களைச் சேகரிக்கும் பொறுப்பு அப்பாவுடையது. ஊரே அவரை நம்பியது. நகராட்சி மண்டபத்தில் அவர் பெயர்களைப் படித்தபோது அம்மா பின் வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில். கடைசிப் பெயர் மாமாவுடையது.

"எல்லாருக்கும் ரெண்டு சாட்சி போட்டிருக்கீங்க சார். இதுக்கு யாரு சாட்சி?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"நான்."

"இன்னொண்ணு?"

"என் வீட்டுக்காரி."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "என் பையன் பேர் இருக்கிற கல்லு சார் அது. நீங்க போட்ட விதி. நீங்களே சொல்லுங்க, இந்தச் சாட்சி செல்லுமா? செல்லும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, செதுக்கச் சொல்லிடறேன்."

ஒரே ஒரு வார்த்தை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "செல்லாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர் முன்னால் போய் நின்றாள். "நான் உங்களோட சண்டை போட்டா செல்லுமா?"

"விளையாடாதே."

"செல்லுமா, செல்லாதா?"

"நெசமான சண்டையா இருந்தா செல்லும்."

"அப்ப சரி" என்றாள். அவரிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

முதலில் கூத்தாகத்தான் இருந்தது. ஒரே அறையில் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருவரும் இருப்பார்கள். "மழை வரும்போல இருக்கு, உங்கப்பாவைக் குடை எடுத்துக்கச் சொல்லு" என்பாள். "எடுத்துக்கிட்டேன்னு சொல்லு" என்பார். நான் நடுவில் தபால்காரி. சில நாள் அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடுவாள். அப்பா எனக்குக் கண் காட்டுவார்.

வருஷா வருஷம் கல்லைக் கழுவி விளக்கு வைக்கிற நாளில் குழு கூடும். "என்ன சார், சண்டை நெசமாயிடுச்சா?" என்று ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். அப்பாவுக்குக் கேலி புரியாது. யோசித்துவிட்டு, "இல்ல. சமையல்கட்டுல போய்ச் சிரிக்கிறா" என்றார். பேச்சு கடைத் தெரு வழியாக அம்மாவின் காதுக்கு வந்தது. அம்மா சிரிப்பதை நிறுத்தினாள்.

அடுத்த வருஷம், "இல்ல. என் காலுக்கு எண்ணெய் காய்ச்சி வைக்கிறா." எண்ணெய் நின்றது. அதற்கடுத்த வருஷம், "நான் வர நேரமானா ஜன்னல்கிட்ட நிக்கிறா." அம்மா ஜன்னல் பக்கம் போவதை விட்டாள். சட்டைப் பொத்தான் தைத்து வைப்பது, அவர் இருமினால் சுடுதண்ணீர் வைப்பது, தட்டில் அவருக்குப் பிடித்ததை ஒரு கரண்டி அதிகமாக வைப்பது என்று அவள் அன்பில் மிச்சமிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஊர் முன்னால் போட்டுக் கொடுத்தார் அந்த நேர்மையான மனிதர். ஒவ்வொன்றாக அவளும் அறுத்துப் போட்டாள்.

எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. "ஆமா, சண்டைதான்னு சொல்லிட்டு வாங்களேம்ப்பா! யாரு வந்து பாக்கப் போறா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"நான் பாக்கறேனே" என்றார்.

அம்மாவிடமும் கத்தினேன். "போதும்மா. செத்துப்போன ஒருத்தருக்காக உயிரோட இருக்கறவரை ஏன் இப்படி வாட்டற?"

"அவனை வெளிய தள்ளினது நான். நீ தள்ளல" என்றாள். அதற்குமேல் அவளிடம் பேச முடியாது.

எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போனேன். தபால் வேலை மட்டும் என்னை விடவில்லை. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. சொல்வதற்கும் வரவர எதுவும் இல்லாமல் போயிற்று. அப்பா ஓய்வு பெற்று, முன்னறை மேசையில் மாமாவின் பக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதி முடித்தார். அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்தது.

பிறகு பழைய காயத்தில் சீழ் வைத்தது. காலை எடுத்தாக வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பார்வையாளர் நேரத்தில் வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் அப்பாவின் தலை அந்தப் பக்கம் திரும்பும். யார் யாரோ வந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய், "அப்பாவுக்குக் காலை எடுக்கப் போறாங்கம்மா. உன்னைத்தான் தேடறார்" என்றேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கையெழுத்து நீயே போட்டுடு" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அடக்கி வைத்த அழுகையோ பிடிவாதமோ அதில் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். அடுத்த துணியை எடுத்து உதறினாள். பக்கத்து வீட்டுக்காரரின் காலைப் பற்றிச் சொல்லியிருந்தால்கூட அவள் இன்னும் கொஞ்சம் விசாரித்திருப்பாள். நடிப்பு எந்த நாளில் நெசமாயிற்று என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி அப்பாவிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். அவரிடம் வேறு எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டார். "ஜவுளிக்கடைக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

அவரும் கிழவராகியிருந்தார். தடியை ஊன்றிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப செல்லும்" என்றார் அப்பா.

ஜவுளிக்கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ சார். அன்னைக்கு நீங்க செல்லும்னு சொல்லியிருந்தாலே செதுக்கியிருப்பேனே. என்னமோ பிள்ளையைப் பறிகொடுத்த வயித்தெரிச்சல்ல கேட்டுட்டேன்."

"தெரியும். ஆனா அன்னைக்கு அது செல்லாதே" என்றார் அப்பா. ஜவுளிக்கடைக்காரர் அழுதார். அப்பா அழவில்லை.

பெயர் செதுக்கிய அன்று அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அம்மா வேறு வழியாக வந்தாள். கல்லின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புது எழுத்துகளில் இருந்த கல்தூளை விரலால் துடைத்து எடுத்தாள். "உள்ள வந்துடுண்ணா" என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. அவள் எழுந்திருக்கும் வரை அப்பா காத்திருந்தார்.

"முடிஞ்சுது. இனிமே பேசலாம்ல?" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேச நினைத்தவள் போல வாயைத் திறந்தாள், என் பக்கம் திரும்பினாள். "பேசறதுக்கு என்ன இருக்குன்னு கேளு" என்றாள்.

அத்தனை வருஷத்தில் நான் கொண்டுபோய்க் கொடுக்காத தபால் அது ஒன்றுதான். அவர் காதில் அது ஏற்கெனவே விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகும் சில வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள். அப்பா செத்த பிறகு, அவர் எழுதியதை நகர நூலகம் புத்தகமாகப் போட்டது. கடைசிப் பக்கத்தின் அடிவரியை எடுத்துவிடலாமே, குடும்ப விஷயமாக இருக்கிறதே என்று நூலகர் தயங்கினார். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்து வாசித்துக் காட்டினேன். முகாமுக்குத் திரும்பி வந்து செத்தான், கழுத்தில் பச்சை மப்ளர் இருந்தது என்று இருந்தது. அதன் கீழே: 'சாட்சிகள்: உடனிருந்த சிப்பாய், இறந்தவனின் தங்கை. பேச்சுவார்த்தை இல்லை.'

"எடுக்க வேண்டாம். அந்த வரிக்குத்தானே இவ்வளவும்" என்றாள் அம்மா.

நான் காகிதத்தை மடிக்கப் போனேன்.

"இரு. அவர் எழுதினதை இன்னொரு தடவை படி" என்றாள்.