படிக்கிணற்றின் எதிர்ப்புச் சக்தி

நரம்புச் சிலந்தி என்ற புழு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. படிக்கிணற்றில் இறங்கி நின்று மொண்ட தண்ணீரைக் குடித்தால் உள்ளே போகும். ஏறக்குறைய ஒரு வருஷம் உடம்புக்குள் சாவகாசமாக வளர்ந்து, கோடையில் காலில் கொப்புளம் போட்டு நூல் போல எட்டிப் பார்க்கும். அதைக் குச்சியில் சுற்றித் தினம் கொஞ்சமாக இழுப்பார்கள். எரிச்சல் தாங்காமல் அதே காலை அதே கிணற்றில் நனைப்பார்கள். புழு அங்கே குஞ்சுகளை விடும். ஊரார் மொண்டு குடிப்பார்கள். இவ்வளவு ஒழுங்காக நடந்த காரியம் எங்கள் சுகாதார இலாகாவில் வேறொன்றும் இல்லை.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் அப்படி ஒரு கிணறு. படிகளை அடைத்து, சுற்றுச்சுவர் எழுப்பி, ராட்டினம் போட ஜில்லா போர்டு சம்மதித்துவிட்டது. கொத்தனார் வரவேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து என் மேலதிகாரி ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். நான் சேலத்தில் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளன்.

அந்த ஊரில் பனை ஏறும் குடும்பங்கள் சில இருந்தன. அவ்வீட்டுப் பெண்களுக்குக் கோடை தவறாமல் சிலந்தி வந்தது. ஆண்களுக்கு வந்ததே இல்லை. சீமையில் படித்துத் திரும்பியவருக்கு இது போதாதா? "எதிர்ப்புச் சக்தி! ஆண்களின் ரத்தத்தில் இருக்கிறது!" என்றார். புழுவைக் காயவைத்துப் பொடித்து, உப்பு நீரில் கரைத்து, அந்த ஆண்களின் முன்கையில் ஊசி போட்டோம். சிலருக்கு வீங்கியது, அது எதிர்ப்புச் சக்தியின் அடையாளம். சிலருக்கு வீங்கவில்லை; அதுவும் எதிர்ப்புச் சக்தியின் அடையாளமே. முறைப்படி எல்லாம் விசாரித்தோம். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டோம்.

"இந்தக் கெணறுதானுங்க. ஊட்டுக்கே இதுதான்" என்றார்கள். சரியான பதில்.

உடனே அதிகாரி போர்டுக்கு எழுதினார்: கிணற்றை மாற்றினால் இயற்கையான எதிர்ப்புச் சக்தி கெட்டுவிடும், ஆராய்ச்சி முடியும்வரை படிகள் அப்படியே இருக்கட்டும். செலவு மிச்சம் என்று போர்டு மகிழ்ந்தது.

மரமேறி ஒருவரின் மனைவி, காலில் குச்சியோடு கட்டிலில் கிடந்தவள், என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"படிய அடைச்சுத் தாரமுன்னீங்களே சாமி, என்னாச்சுங்க? வருஷா வருஷம் வேலை நாள்ல இப்படிக் கெடக்கறனுங்களே."

"ஆராய்ச்சி நடக்கிறது அம்மா."

"எங்கூட்டுக்காரரு கையிலதானுங்க நடக்குது. சிலந்தி எங்காலுல இருக்குது."

பிறகு சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. பனைகளிலிருந்து கள் முட்டிகள் இறங்கின. எங்களுக்கு அதில் என்ன சம்பந்தம்? அது வேறு இலாகா. ஒரு கோடை கழித்து மறு கோடையில் போனால், எங்கள் எதிர்ப்புச் சக்தி முழுவதும் வரிசையாகக் கட்டிலில் படுத்திருந்தது, காலுக்கொரு குச்சியோடு.

"உனக்கு எப்படி வரும்?" என்று அந்தப் பெண்ணின் கணவரிடம் அதிகாரி கோபித்துக்கொண்டார்.

"கள்ளு இருந்தவரைக்கும் தண்ணிய எவனுங்க குடிச்சான்? வெடியால மரத்து மேல, மத்தியானம் மரத்தடியில, பொழுதுசாஞ்சா ஊட்டுல. தண்ணி குளிக்கறதுக்குங்க."

"கேட்டபோது ஏன் சொல்லவில்லை?"

"எந்தக் கெணறுன்னு கேட்டீங்க, சொன்னனுங்க. கள்ளு குடிப்பியான்னு கேட்டிருந்தா அதயுஞ் சொல்லியிருப்பனுங்க. அப்ப அதுக்குத் தடையா இருந்துச்சு?"

திரும்பும் வழியில் அதிகாரி, நாமக்கல் தாண்டியதும், கள்ளில் உள்ள சத்தே எதிர்ப்புச் சக்தி தந்திருக்கலாம், மேலும் ஆராய வேண்டும் என்றார். அப்படியானால் படிகளும் மேலும் இருக்கும். எனக்கு விஞ்ஞானத்தைவிட அலுவலக முறை நன்றாகத் தெரியும். தவறு என்ற சொல்லே வராமல் ஒரு குறிப்புத் தயாரித்தேன்: ஆராய்ச்சியின் நோக்கம் இனிதே நிறைவேறியது, கிணற்றை மாற்ற இனி ஆட்சேபம் இல்லை, கள் தேவைப்படும் எந்த ஆராய்ச்சிக்கும் கலெக்டரின் முன் அனுமதி பெறவேண்டும். கடைசி வரியைப் படித்ததும் கையெழுத்திட்டார்.

கொத்தனார் வந்தார். சுவர் எழும்பியது. ஏற்கெனவே உள்ளே போயிருந்த புழுக்கள் வெளியே வந்து தீர இன்னொரு கோடை ஆயிற்று. அதன் பிறகு போனபோது, ராட்டினத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம், இலாகாவின் சார்பில் கொஞ்சம் பெருமையோடு விசாரித்தேன்.

"இப்போது திருப்திதானே?"

"திருப்திதானுங்க சாமி. ஆம்பளைங்களுக்கு முன்னமே வந்திருந்தா முன்னமே கட்டியிருப்பீங்களாட்ட இருக்குது" என்று சொல்லி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். இரண்டு காலும் நன்றாக ஊன்றின.