இருளாயி மதினி உழாமல் விதைத்த நிலம்

பள்ளியில் பிற்பகல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் திருவாதவூர்க்காரர் ஒருவர் துண்டைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். "டீச்சர், ஒங்க மதினி தவறிட்டாக. வெரசா கெளம்புங்க" என்றார். மதினிக்குக் காய்ச்சல் என்று முன்பே தகவல் வந்திருந்தது. மதுரைக்குக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். "தானா எறங்கிரும்" என்று மதினி பதில் சொல்லி அனுப்பியிருந்தார்.

என் அண்ணனின் மனைவி இருளாயி அவர்களை ஊரில் பலரும் 'புருஷனோட ஏரை நிறுத்துனவ' என்றுதான் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டும்.

அண்ணனுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. நிலத்தில் விளைந்த சோளத்தட்டை மாட்டுக்குப் போகும். மாடு பிறர் நிலத்தை உழுது வீட்டுக்குத் தானியம் கொண்டுவரும். மழைக்காலத்தில் ஏருக்குச் சொல்ல விடியுமுன்பே ஆட்கள் வந்து நிற்பார்கள். அண்ணனுக்கு அதில் பெருமை உண்டு.

ஒரு வருடம் மழைக்குச் சற்று முன்னால் ஒரு மாடு நோயில் செத்தது. உழ வழியில்லை. அந்தச் சமயத்தில் ஊருக்கு வந்திருந்த விவசாய ஆபீசர் ஒருவர், தட்டையை நிலத்திலேயே பரப்பி விட்டு, உழாமல் குழி போட்டு விதை ஊன்றினால் ஈரம் நிற்கும் என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மதினி மட்டும், "களை வந்தா யாரு எடுக்குறது சார்?" என்று கேட்டார். முதல் சில வருடம் கஷ்டம்தான் என்று அவர் ஒப்புக்கொண்டாராம். "அந்தாளு பொய் சொல்லல. அதான் செஞ்சு பாத்தேன்" என்று மதினி பின்னால் என்னிடம் சொன்னார்.

அந்த வருடம் மற்றவர்களுக்கு விளைந்த அளவு அவருக்கும் விளைந்தது. உழவுச் செலவு இல்லை. உடனே மிச்சமிருந்த மாட்டையும் விற்றுவிடலாம் என்றார். அந்தச் சண்டை நடந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"மாட்ட வித்துட்டு நான் என்ன செய்ய?" என்றார் அண்ணன்.

"தட்டைய மாட்டுக்குப் போட்டா மண்ணுக்கு இல்ல. ரெண்டையும் காப்பாத்த நம்மகிட்ட எங்க இருக்கு?"

"என் நெலத்துலயே எனக்கு வேல இல்லேங்குற."

மாடு சந்தைக்குப் போனது. அண்ணன் ஒத்தக்கடைப் பக்கம் கல் உடைக்கப் போனார். சனிக்கிழமை வருவார், திங்களன்று போய்விடுவார்.

பிறகு மழை பொய்த்த வருடம் வந்தது. ஊரில் மாடுகளுக்குத் தீனியில்லை. மதினியின் நிலத்தில் மட்டும் தட்டை பரவிக் கிடந்தது. மதினியோடு சேர்ந்து களை எடுக்கும் பேச்சி வந்து நின்றாள். அவள் வீட்டில் ஒரு பசுதான் வருமானம்.

"ஒரு கட்டுத் தட்டை குடுக்கா. பசு எந்திரிக்க மாட்டேங்குது."

"எடுத்தா வெயிலு மண்ணத் தின்னுரும் பேச்சி. எம் பிள்ளைக எதத் திங்கும்? போயிரு."

பேச்சியின் பசு அடிமாட்டுக்குப் போனது. மதினியின் நிலத்தில் கொஞ்சம் சோளம் கண்டது. அதில் ஒரு பங்கைச் சுமந்துபோய்ப் பேச்சி வீட்டில் இறக்கினார். பேச்சி வாங்கிக்கொண்டாள், அவளுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அதன்பின் களை எடுக்க வரவேயில்லை. அந்த வேலை மதினியின் மூத்த மகள் செல்வியின் தலையில் விழுந்தது. செல்வி பள்ளிக்கூடத்தை விட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. "அவளப் படிக்க விடுங்க மதினி" என்று மன்றாடினேன்.

"நீ வந்து களை எடுக்குறியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். பிறகு, "லாபமா நட்டமான்னு ஊருல கேக்குறாக. வயிறு நெறஞ்சுது. வீடு கொறஞ்சு போச்சு" என்றார். மதினி அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மதினி இறந்த அன்று அவரைக் குளிப்பாட்டும்போது முதல் குடம் தண்ணீர் ஊற்றியவள் பேச்சி.

காரியம் முடிந்ததும் நல்ல மழை பெய்தது. அண்ணன் ஒத்தக்கடைக்குத் திரும்பிப் போகவில்லை. செல்வியை என்னோடு மதுரைக்குப் படிக்க அனுப்பச் சம்மதித்திருந்தார். கிளம்புமுன் நிலத்தைப் பார்க்கப் போனோம். அண்ணன் களைக்கொத்தை வைத்துக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

"ஒம் மதினி எம்புட்டு ஆழத்துல போடுவா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

செல்வி கைப்பையைக் கீழே வைத்தாள். அவர் கையிலிருந்து விதையை வாங்கி, விரலை மண்ணுக்குள் விட்டுக் காட்டினாள். "இம்புட்டுத்தான்யா. இதுக்கு மேல போனா மொளைக்காது." அடுத்த குழிக்கு நகர்ந்தாள், அதற்கடுத்த குழிக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டேன். "நீங்க போங்கத்தை. அய்யாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள், நிமிராமலே.

தனியாகத்தான் பஸ் ஏறினேன். மதினி, உங்கள் நிலம் விதைத்தாகிவிட்டது, நிம்மதியாகப் போங்கள் என்று இந்த அஞ்சலியை எழுதத்தான் உட்கார்ந்தேன். குனிந்திருந்த அந்தப் பெண்ணின் முதுகு அப்படி எழுத விடவில்லை. போய் வாருங்கள் மதினி.