வாழைக்காய்த் தோல்

எங்கள் தீவின் சாத்தம் படகுத்துறையில், எதிர்க்கரை பம்பூஃபிளாட் போகும் படகுக்காகக் காத்திருக்கிறோம். வாழைக்காய் விற்கும் பெண்ணின் கூடை முன்னால் அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"தோலை வீசிறாதீங்கக்கா. பொடியா அரிஞ்சு மஞ்சத் தண்ணியில வேகவச்சு, தேங்காய் போட்டு வதக்குங்க. வயிறு ஏக்தம் சாஃப் ஆயிரும், அப்படியே சுத்தமாயிரும்."

அம்மா வாய் பிளந்து கேட்கிறாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான், படித்ததே ஊட்டச்சத்துதான். தோலில் நார்ச்சத்து இருக்கிறது, எறியாதே என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன். என்னிடம் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"இதையேதானம்மா நானும் சொன்னேன்?"

"நீ எங்க சொன்ன? குப்பைக்கூடையப் பார்த்து ஏசுன. எப்படி ஆக்கணும்னு இந்தத் தங்கச்சிதான் சொல்லுது."

அந்தப் பெண் சிரிக்கிறாள். என் படிப்பைப் பற்றி அம்மா உட்கார்ந்ததுமே அவளிடம் பெருமையடித்திருந்தாள். "மெயின்லேண்ட்ல படிச்ச பொண்ணு, அதுக்குத் தெரியாததாக்கா? நீயே சொல்லும்மா, எவ்வளவு நேரம் வேகணும்?"

இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். நூறு கிராம் வாழைக்காயில் என்னென்ன இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தோலை நான் ஒருமுறையும் சமைத்ததில்லை.

"எந்திரிம்மா, படகு வந்துருச்சு" என்கிறேன். படகு இன்னும் பாதிக் கடலில்தான் இருக்கிறது.