மாட்டுக்கு வந்தது நமக்கும் வரும்

கால்நடை மருத்துவர் வேலையில் நோயாளி பொய் சொல்லாது. கூட வருகிறவர்கள் பாதியைத்தான் சொல்வார்கள். ஒரகடம் பக்கத்தில் ஒரு சின்ன கால்நடை மருந்தகத்தில் சில வருஷமாக நான் டாக்டர். சுற்றிலும் தொழிற்சாலைகள். ஆனால் அங்கே ஷிஃப்டுக்குப் போகிற பல பேர் வீட்டில் இன்னும் ஒரு மாடோ, நாலு ஆடோ உண்டு. அதுகளின் நோயில் சிலது மனுஷருக்கும் தாவும். மாட்டுக்காரர்களே, கறவைக்காரர்களே, என்னைப் போல ஊசியும் கையுமாக அலைகிறவர்களே, இதில் ஒன்றாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

தொண்டையில் என்ன?

மண்ணூரிலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் போன் செய்தார். மாடு தண்ணீர் குடிக்கவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார். நான் போய் இறங்கும்போது அவர் கணவர் ஆரோக்கியம், கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், மாட்டின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மாடு கத்தியது. கத்தல் மாதிரியே இல்லை, தொண்டை கட்டினவர் அழுகிற மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்களுக்கு மறக்காது. "கையை எடுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"இதை நாய் ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டேன். ஸ்டெல்லா யோசித்தார். போன மாதம் மேயப் போன இடத்தில் ஒரு நாய் மூக்கில் பிடுங்கியதாம். சின்னக் காயம்தானே என்று மஞ்சள் வைத்து விட்டுவிட்டார்களாம். ஆரோக்கியத்தின் கையில் மாட்டுப் பல் கீறின கோடுகள். பைப்படியில் உட்கார வைத்து, சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வைத்தேன். அப்புறம் இரண்டு பேரையும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். கிளம்பும்போது ஆரோக்கியம் தன் சூப்பர்வைசருக்குப் போன் செய்து லீவு கேட்டால், "நாய் கடிக்கும், மாடு எங்கய்யா கடிக்கும்?" என்று அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. போனை வாங்கி, மாட்டுக்கு வந்திருப்பது வெறிநோய், மனுஷருக்கும் வந்துவிட்டால் அதற்கு மருந்தே கிடையாது, வருவதற்கு முன்னால் போடும் ஊசிதான் உண்டு என்று நான் சொன்னதும் சிரிப்பு நின்றது.

மாடு செத்துப்போனது. அவர்கள் இரண்டு பேரும் எல்லா ஊசியையும் விடாமல் போட்டுக்கொண்டார்கள், நன்றாக இருக்கிறார்கள். கடிபட்ட அன்றே வந்திருந்தால் மாட்டுக்கும் ஊசி இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்டெல்லாவே ஒரு நாள் மருந்தகத்துக்கு வந்து, வாசலில் நின்றபடி கேட்டார்: "நாய் கடிச்ச அன்னிக்கே இட்டாந்திருந்தா, அதுக்கும் போட்டிருப்பீங்களா டாக்டரம்மா?"

வட்டம்

இது என் சொந்தக் கதை. கன்றுக்குட்டி ஒன்றுக்குக் கண்ணைச் சுற்றி வட்டவட்டமாக முடி கொட்டியிருந்தது. படர்தாமரைதான். துள்ளுகிற கன்றைப் பிடிக்க ஆளில்லாமல் நானே கட்டிப்பிடித்து மருந்து தடவினேன். அடுத்த வாரம் என் முன்கையில் அழகாக ஒரு சிவப்பு வட்டம். ஸ்ரீபெரும்புதூர் தோல் டாக்டரிடம் போனால், அவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, துண்டு, தலையணை எல்லாம் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

என் கணவர் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு நடந்தபடி சொன்னார்: "ஊர்ல எல்லாரும் ஆபீஸ்லேர்ந்து பேனா, பேப்பர்தான் எடுத்துகினு வருவாங்க. நீ இன்னா எடுத்துகினு வந்துகிற பாரு!"

சூடாக இருக்கும்போதே

வடக்குப்பட்டுப் பக்கம், போர்டு மட்டும் நட்டு இன்னும் கம்பெனி வராத ஒரு காலி நிலத்தில் கோவிந்தன் செம்மறி மேய்ப்பார். ஒரு காலையில் முந்தின நாள் வரை ஓடிக்கொண்டிருந்த ஆடு ஒன்று செத்தும் விறைக்காமல் கிடந்தது. மூக்கில் கறுப்பாக ரத்தம், உறையவே இல்லை. நான் போவதற்கு முன்பே, ஹாஸ்டல் பையன்களுக்குச் சமைத்துப் போடும் மெஸ்காரர் ஒருவர் கத்தியும் அலுமினியச் சட்டியுமாக வந்து நின்றுவிட்டார். "சூடா கீறச்சொல்லவே அறுத்துட்டா ஒண்ணும் ஆவாது மேடம். நல்லா வேக வெச்சிடுவேன்" என்றார். அது அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ் என்றால் அந்த ஆட்டை அறுக்கவே கூடாது. அறுக்கிற கை, சாப்பிடுகிற வாய், ரத்தம் சிந்தின மண் எல்லாவற்றுக்கும் ஆபத்து. செத்த ஆட்டுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, கத்தியைச் சட்டிக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அனுப்பினேன். சந்தேகம் சரிதான். அதற்குள் இன்னும் சில ஆடுகள் விழுந்துவிட்டன. பக்கத்து சைட்டிலிருந்து ஜேசிபி வந்து ஆழமாகக் குழி தோண்டியது. ஆடுகளைத் தோலுரிக்காமல் அப்படியே இறக்கி, சுண்ணாம்பு கொட்டி மூடினோம். மிச்ச ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டோம். செத்த ஆட்டை இழுத்துப்போட்ட கோவிந்தனுக்கு விரலில் ஒரு புண் வந்து நடுவில் கறுத்துப்போனது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்து ஆற்றினார்கள்.

ஆறின விரலைக் காட்ட வந்தபோது அவரிடம் திரும்பவும் சொன்னேன். குழி மூடின இடத்தில் யாரும் மேய்க்கக் கூடாது, அந்தக் கிருமி மண்ணுக்குள் வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும் என்றேன். அவர் அந்த நிலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நான் மேய்க்க மாட்டேம்மா. எனக்கு அப்பால வர்றவனும் மேய்க்க மாட்டான். அதுக்குள்ள இங்க கம்பெனி வந்துடும், புல்லே இருக்காது."

சாயங்காலக் காய்ச்சல்

வாலாஜாபாத் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை. சினை மாடுகள் வரிசையாக மாதம் நிறையாமலே கன்று வீசுகின்றன என்று முதலாளி கூப்பிட்டார். போன இடத்தில், கொட்டகை ஓரத்தில் ஒருவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் கிடந்தான். பெயர் முத்துப்பாண்டி. தென்காசிப் பக்கத்துப் பையன். இங்கே ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்து, கான்ட்ராக்ட் முடிந்ததும் பண்ணையில் சேர்ந்திருக்கிறான். "வேலைக்கு டிமிக்கி குடுக்கறான் மேடம். காலைல நல்லா இருப்பான், சாயங்காலம் ஆனா படுத்துக்கினு முனகறான்" என்றார் முதலாளி.

எனக்கு அந்தச் சாயங்காலம் என்ற வார்த்தை சுருக்கென்றது. அவனிடமே கேட்டேன். சாயங்காலமானால் குளிர், காய்ச்சல். விடிவதற்குள் சட்டை பிழிகிற அளவு வியர்வை. இடுப்பு விட்டுப்போகிறது. டைஃபாய்டு என்று மாத்திரை தின்றும் போகவில்லை. "செத்த கன்னையெல்லாம் இழுத்தது யாரு?" என்றேன். "நாந்தான் மேடம். வெறுங்கையாலதான் இழுத்தேன், நஞ்சுக்கொடியையும் நாந்தான் அள்ளிப் போட்டேன்." மாடுகளுக்கும் ரத்தம் எடுத்தேன், அவனைக் காஞ்சிபுரத்து மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கிருந்த டாக்டரிடம் விஷயத்தைப் போனில் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே பதில் வந்தது: புருசெல்லா. மாட்டுக்குக் கன்று வீச வைக்கும் அதே கிருமிதான் அவனைப் படுக்க வைத்திருந்தது.

பச்சைப் பாலிலும் இது வரும் என்று நான் விளக்கும்போது முதலாளியின் முகம் வெளிறியது. தினமும் காலையில் கறந்த சூட்டில் ஒரு சொம்பு குடிக்கிறவராம். அவரும் போய் ரத்தம் கொடுத்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அவரிடம் ஒரு பணிவு தங்கிவிட்டது. கையுறை வாங்கினார், முத்துப்பாண்டியைத் தன் பைக்கிலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

மாத்திரை வாரக்கணக்கில் ஓடியது. கடைசியில் காய்ச்சல் விட்டு, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டு, என்னைப் பார்க்க வந்தான். உடம்பு எப்படி என்றேன். உடம்பு பரவாயில்லை, வேறொரு சிக்கல் என்று தலையைச் சொறிந்தான். "எங்கம்மைட்ட போன்ல, மாட்டுலேருந்து வந்த காய்ச்சல்னு வாய்தவறிச் சொல்லிட்டேன் மேடம். 'ஏல, கார் கம்பெனில லைன்ல நிக்கேன்னுல்லா சொன்ன, அங்க மாடு எப்படில வந்துச்சு'ன்னு கேக்கா. என்ன சொல்லட்டும்?"

ஆகமொத்தம், மனுஷருக்கு ஒரு டாக்டர், மாட்டுக்கு ஒரு டாக்டர் என்று சர்க்கார் எங்களைப் பிரித்து வைத்திருப்பது கிருமிக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.