வயிற்றுச் சதையில் ஒரு மார்பு

புற்றுநோய் வந்த இடது மார்பை எடுத்துவிட்டு, என் வயிற்றுச் சதையிலேயே வேறொன்று அமைத்தார்கள். ஓய்வுபெறும்வரை ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்த என்னாலேயே தையலில் குறை சொல்ல முடியவில்லை.

சிதம்பரத்தில் கடைசிப் பரிசோதனை. “திருப்தியா, சிஸ்டர்?” என்றார் டாக்டர்.

“தொப்பையும் போச்சே டாக்டர், ஒரே கத்தியில ரெண்டு வேலை” என்றேன்.

கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த பெண், கைக்குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அது என் இடது மார்பில் முகம் புதைத்துத் தூங்கியது. முதுநகரில் இறங்கும்போது குழந்தையைத் திரும்ப வாங்கியவள், “பால கக்கிட்டாளே பெரிம்மா, ஜாக்கெட்டெல்லாம் ஈரம். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றாள்.

குனிந்து பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அங்கே உணர்ச்சி இருக்காது என்று எத்தனையோ நோயாளிகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

“தூங்கிட்டேம்மா” என்று பொய் சொன்னேன்.

சதை என்னுடையதுதான். அந்தக் குழந்தையின் சூடு மட்டும் எனக்கு வந்து சேரவில்லை.